கிரகப்பிரவேசத்து மீன்கள்

வீட்டில் வளர்க்கும் மீன் செத்தால் அந்த வீட்டுக்கு நல்லது என்று சொல்கிறவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. வர இருந்த கெடுதலை மீன் வாங்கிக்கொண்டு போய்விடுமாம். இப்படிப் பேசுகிறவர்களை வாசலோடு அனுப்பிவிட வேண்டும் என்று பல தடவை நினைத்திருக்கிறேன். ஆனால் அப்படிப் பார்த்தால் முதலில் என் கணவரைத்தான் அனுப்ப வேண்டும். வீடோ அவர் பெயரில் இருக்கிறது.

டெக்ஸாஸில், ஃபிரிஸ்கோவில் இந்த வீட்டுக்கு வருவதற்கு முன் பக்கத்து ஊரான பிளானோவில் ஓர் அபார்ட்மென்ட்டில் இருந்தோம். அவருக்கு அங்கேயே லெகசி ரோடு பக்கத்தில் ஆபீஸ். எனக்கு அவருடைய விசாவைத் தொற்றிக்கொண்டு வந்த விசா. வேலைக்குப் போக முடியாது. இருந்த ஒரே காரை அவர் காலையிலேயே எடுத்துக்கொண்டு போய்விடுவார். இந்த ஊரில் கார் இல்லாதவளுக்குக் காலும் இல்லை. படித்த இன்ஜினியரிங்கை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு, மாடி ஜன்னலில் உட்கார்ந்து பார்க்கிங்கில் யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்று பார்ப்பதுதான் எனக்கு உத்தியோகம். அப்போது மகளுக்குப் பேச்சு வந்த புதிது. கடையில் தங்கமீனைப் பார்த்துவிட்டு அதை வாங்கினால்தான் ஆயிற்று என்று தரையில் புரண்டாள். இரண்டு மீனும் ஒரு கண்ணாடித் தொட்டியும் வாங்கினோம். ஒரு வாரத்தில் இரண்டும் போய்ச் சேர்ந்தன. அவள் மறந்துவிட்டாள். எனக்குத்தான் ஆறவில்லை.

அதன்பிறகு உட்கார்ந்து படித்தேன். மீன் வளர்ப்பவர்கள் இன்டர்நெட்டில் எழுதி வைத்திருந்த அத்தனையையும் படித்தேன். படித்ததில் ஒரு விஷயம் என்னை அசர வைத்தது. மீன் எங்கே சாப்பிடுகிறதோ அங்கேதான் கழிவும் போடுகிறது. அந்தக் கழிவு தண்ணீரில் அமோனியாவாக மாறும். அது கண்ணுக்குத் தெரியாத விஷம். அதைத் தின்று தீர்க்க ஒரு வகை நல்ல கிருமிகள் உண்டு. அவை குடியிருப்பது ஃபில்டருக்குள் இருக்கும் ஸ்பாஞ்சில். ஸ்பாஞ்சில் பழுப்பாக வழவழவென்று படிந்திருக்கிறதே, அதை அழுக்கு என்றுதான் யாரும் நினைப்பார்கள். தொட்டியின் உயிரே அதில்தான் இருக்கிறது. அது தானாக உண்டாக வாரக்கணக்கில் ஆகும். பாலைத் தயிராக்க உறை மோர் வேண்டும் அல்லவா, அதுபோலப் புதுத் தொட்டிக்குப் பழைய ஸ்பாஞ்சுதான் உறை. அதைக் குழாய்த் தண்ணீரில் காட்டினால்கூடப் போச்சு. குழாயில் வருகிற குளோரின் எல்லாவற்றையும் கொன்றுவிடும்.

இதைக் கற்றுக்கொண்டு நான் வளர்த்த மீன்கள் ஐந்து. கட்டைவிரல் அளவில் வந்தவை உள்ளங்கை அளவுக்கு வளர்ந்தன. நான் ஹாலுக்குள் கால் வைத்தால் ஐந்தும் கண்ணாடிக்கு ஓடிவரும். என் கணவர் வந்தால் அசையாது. இதைச் சொன்னால் சாப்பாடு போடுகிறவளிடம் நாய்கூடத்தான் வரும் என்பார். ஐந்தில் ஒன்றுக்கு ஒரு கண் இல்லை. சின்னதாக இருந்தபோது கல்லிடுக்கில் சிக்கி இழந்த கண். என்னைப் பார்க்க வேண்டுமென்றால் உடம்பையே திருப்பி நல்ல கண்ணைக் காட்டிக்கொண்டு நிற்கும். இந்த நாட்டில் நானாக ஆரம்பித்து நானாகக் கற்றுக்கொண்டு ஒழுங்காக நடத்திய காரியம் அது ஒன்றுதான். அதனால் அந்த ஐந்தும் எனக்கு வெறும் மீன் இல்லை. சொல்ல வெட்கமாக இருந்தாலும் உண்மை அதுதான்.

ஃபிரிஸ்கோ வீடு முடியும் தறுவாயில் என் கணவர் ஒரு பெரிய டேங்க் ஆர்டர் பண்ணினார். பழையதைப் போல ஐந்து மடங்கு. வாசல் கதவைத் திறந்ததும் கண்ணில் படுகிற மாதிரி, வாஸ்துப்படி வடகிழக்கு மூலையில். மீன்களுக்காகத்தான் என்றார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்தப் பழைய தொட்டியில் அவை திரும்பக்கூட இடமில்லாமல் வளர்ந்துவிட்டன. பழைய தொட்டியையும் புது வீட்டுக்குக் கொண்டுபோய், பெரிய டேங்க்கில் தண்ணீரை ஓடவிட்டு, அது பக்குவமான பிறகு நிதானமாக மாற்றலாம் என்றேன். அதெல்லாம் ஆகாது, கிரகப்பிரவேசத்துக்கு வருகிறவர்கள் முன்னால் டேங்க் காலியாகவா நிற்கும் என்றார். ஆபீஸ் ஆட்கள் வருவார்கள், மேனேஜர் வருவார், நியூ ஜெர்சியிலிருந்து அவருடைய அக்கா வருவார். கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். அன்றைக்கே மீனை விடலாம், ஆனால் பழைய ஃபில்டரை அப்படியே ஸ்பாஞ்சோடு புது டேங்க்கில் மாட்ட வேண்டும், அதை என்னைத் தவிர ஒருவரும் தொடக்கூடாது. சரி சரி என்றார். தலையாட்டுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

விழாவுக்கு முதல் நாள் மீன்களைக் கொண்டுவந்தேன். அதற்கு முந்தின நாளே சாப்பாடு போடுவதை நிறுத்திவிட்டேன். வயிறு காலியாக இருந்தால்தான் வழியில் தண்ணீர் கெடாது. மூடி போட்ட பக்கெட்டுகளில் பழைய தண்ணீரை நிரப்பி, மீன்களைப் பிரித்து விட்டு, ஸ்பாஞ்சைத் தனியாக ஒரு டப்பாவில் அதே தண்ணீரில் மூழ்கடித்து வைத்தேன். ஆகஸ்ட் வெயில். ஏசியை முழுசாக வைத்து, டோல்வே நெடுஞ்சாலையில் மற்றவர்கள் ஹாரன் அடிக்க அடிக்க, ஊர்ந்து ஊர்ந்து வந்தோம். புது வீட்டு லாண்டரி ரூமில் பக்கெட்டுகளை வரிசையாக வைத்துக் காற்றுக்குழாய் போட்டேன். ஒன்றுக்கும் ஒரு செதில்கூட உதிரவில்லை. பழைய தொட்டியைக் கீழ்வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தோம். அதை வைக்க இந்த வீட்டில் இடமில்லை என்று என் கணவர் சொல்லிவிட்டார். இந்த வீட்டில்.

அன்று மாலை நாத்தனார் வந்து இறங்கினார். மருந்து கம்பெனியில் கிருமி இருக்கிறதா என்று பரிசோதிக்கிற வேலை அவருக்கு. எந்த ஊருக்குப் போனாலும் தன் வீட்டு உறைத்தயிரை ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவில் பெட்டிக்குள் வைத்து எடுத்துக்கொண்டுதான் போவார். கடையில் விற்கிற தயிரில் உறை குத்தினால் தயிர் கொழகொழவென்று போகுமாம். அந்த டப்பாவை ஃபிரிட்ஜில் வைத்தபடியே பக்கெட்டுகளை எட்டிப் பார்த்தார். நான் ஸ்பாஞ்சைக் காட்டி, "இது உங்க உறை மோர் மாதிரிதான் அண்ணி, இதக் கழுவக்கூடாது" என்றேன். புரிந்த மாதிரி தலையாட்டினார். தம்பிக்கு அக்கா.

ஒற்றைக்கண் மீனைத்தான் அவர் வெகுநேரம் பார்த்தார். ஊனமான மீனை முதல் நாளே வடகிழக்கில் வைப்பது நல்லதில்லை என்றார். என் கணவர் என்னைப் பார்த்தார். ஒரு நாள் கூத்துக்கு வம்பு எதற்கு என்று அதை மட்டும் ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் விட்டு, என்னிடம் உபரியாக இருந்த குட்டி ஃபில்டரைப் போட்டு, வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் வைத்தேன். அந்தக் குட்டி ஃபில்டரும் பழைய தொட்டியில் ஓடிக்கொண்டிருந்ததுதான். அதைக் கழுவ ஒருவருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் காலை ஹாலில் ஹோமம். புகைக்கு அலாரம் அடித்துத் தீயணைப்பு வண்டி வந்துவிடக்கூடாது என்று கூரையில் இருந்த அலாரத்துக்கெல்லாம் ஷவர் கேப் மாட்டியிருந்தோம். பசுவும் கன்றும் பித்தளையில் வந்திருந்தன. பழைய துடைப்பம், பழைய கால்மிதி, ஓரம் உடைந்த தட்டு எதுவும் புது வீட்டுக்கு வரக்கூடாது என்று நாத்தனார் காலையிலிருந்து ஒவ்வொன்றாகக் குப்பைக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். என்னையும் என் கணவரையும் மனையில் உட்கார வைத்து, அவர் அங்கவஸ்திரத்தின் நுனியையும் என் பட்டுப்புடவையின் முந்தானையையும் சேர்த்து முடிச்சுப் போட்டார்கள். அக்னி எரிகிறது, குருக்கள் மந்திரம் சொல்கிறார், நாங்கள் நெய் விடுகிறோம். அப்போதுதான் நாத்தனார் சமையலறையிலிருந்து டேங்க்கை நோக்கி நடந்து போனார். கையில் ஃபில்டர். அதற்குள் ஸ்பாஞ்சு பால் மாதிரி வெள்ளையாக இருந்தது.

நான் எழுந்தேன். முடிச்சு இழுத்தது. என் கணவர் என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார்.

"உக்காரு. எல்லாரும் பாக்கறாங்க."

"அண்ணி ஸ்பாஞ்சக் கழுவிட்டாங்க. மீன விடவேணாம்னு சொல்லுங்க."

"மந்திரம் சொல்றப்ப பேசாத. அப்புறம் பாத்துக்கலாம்."

நல்ல நேரம் முடிவதற்குள் மீனை விட வேண்டும் என்று நாத்தனாரின் கணவர் பக்கெட்டுகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். நாலு மீன்களும் ஒன்றன்பின் ஒன்றாக டேங்க்குக்குள் இறங்கியதை மனையில் உட்கார்ந்தபடியே பார்த்தேன். டேங்க்குக்குக் கற்பூரம் காட்டினார்கள். நாலு பேர் கைதட்டினார்கள். முடிச்சை அவிழ்த்த பிறகு ஓடிப்போய்க் கேட்டேன். நாத்தனார் முகத்தில் அவ்வளவு பெருமை.

"எவ்ளோ அழுக்கும்மா அதுல. கறுப்பு கறுப்பா வருது. புது வீட்டுக்குள்ள அதையா கொண்டு வருவாங்க? சோப்பு போட்டு சுடுதண்ணில நல்லா வாஷ் பண்ணி, மஞ்சத்தண்ணி தெளிச்சு வெச்சேன். நீ ஒரு ஆளா எவ்ளோதான் பண்ணுவ."

எனக்கு உதவி செய்தாராம். கெட்ட எண்ணத்தோடு செய்திருந்தால்கூட ஒருவேளை எனக்கு இத்தனை ஆத்திரம் வந்திருக்காது. பட்டுப்புடவையோடு நின்றுகொண்டு, இந்த மீன்கள் செத்துவிடும் என்றேன். அபசகுனமாகப் பேசாதே என்று என் கணவர் பல்லைக் கடித்தார்.

அன்று மீன்கள் ஜோராகத்தான் இருந்தன. இத்தனை இடத்தை அவை கண்டதில்லை. இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நீந்தித் தள்ளின. வந்தவர்கள் எல்லாரும் டேங்க் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். யாரோ பெற்ற பிள்ளைகள் வடையைப் பிய்த்துப் போட்டன. பாத்தியா, நல்லாத்தான இருக்கு என்று என் கணவர் சாம்பார் சாதத் தட்டோடு வந்து சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த இரண்டு நாளில் தண்ணீர் பால் கலந்த மாதிரி மங்கியது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பரிசோதனைக் குழாயில் தண்ணீரை எடுத்து மருந்தைச் சொட்டினால், அமோனியா இல்லாவிட்டால் மஞ்சளாக இருக்க வேண்டியது கரும்பச்சையாக வந்தது. குட்டி ஃபில்டரை எடுத்து இதில் போட்டால் அது ஒன்றுக்கும் காணாது, ஒற்றைக்கண்ணும் சேர்ந்து போகும். பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர் மாற்றினேன். இந்த வீட்டுக்கு வருவதற்கு முன்பே நானும் கார் ஓட்டப் பழகியிருந்தேன். பிளானோ வரைக்கும் போய் பாட்டிலில் விற்கிற நல்ல கிருமியை வாங்கி வந்து ஊற்றினேன். முதுகு விட்டுப்போயிற்று. ஒவ்வொன்றாகப் போயின. துடுப்பெல்லாம் ரத்தக் கோடு ஓடி, கடைசி மீன் கண்ணாடியோரம் சாய்ந்து கிடந்தபோது நான் கையை உள்ளே விட்டேன். அது விலகவில்லை. என் விரலில் வந்து சாய்ந்தது.

கொல்லையில் புதைக்கப் போனால் டெக்ஸாஸ் மண் கோடையில் பாறை மாதிரி. கடப்பாரை இல்லாமல் தோசைத்திருப்பியால் சுரண்டிக் குழி எடுத்தேன். அந்த நேரத்தில்தான் நாத்தனார் போன் பண்ணினார். தம்பி சொல்லியிருக்கிறார்.

"விடும்மா. மீன் போனா நல்லதுதான். இந்த வீட்டு மேல எத்தன பேரு கண்ணு பட்டிருக்கும்? அத்தனையும் வாங்கிட்டுப் போயிடுச்சு."

என் கணவருக்கு அந்த வார்த்தை பிடித்துப்போய்விட்டது. செய்தது தப்பு என்று நினைக்க வேண்டியதில்லை, என்னிடம் ஒரு வார்த்தை வருத்தப்பட வேண்டியதில்லை, எவ்வளவு வசதி. விருந்தாளிகளிடமும் அதையே சொன்னார். அவர்களும் ஆமாமா என்றார்கள். மகள் மட்டும், நமக்காகச் சாகிறாயா என்று அந்த மீன்களிடம் யாராவது கேட்டார்களா என்று அவளுடைய இங்கிலீஷில் கேட்டாள். ஹோம்வொர்க் முடித்தாயா என்றார் அப்பா.

சில மாதங்களில் அவருக்கு ஆபீஸில் பதவி உயர்வு வந்தது. அன்று நாத்தனார் போனில் முதலில் சொன்னது, "பாத்தியா, மீன் போன நேரம்." ராத்திரி பகலாக என் கணவர் உழைத்ததுகூடக் கணக்கில் இல்லை. மகளுக்குப் பள்ளியில் பரிசு கிடைத்தால் மீன். கார் இடித்து யாருக்கும் அடிபடாமல் போனால் மீன். செத்த பிறகும் என் மீன்களை அவர்கள் விடவில்லை, இந்தக் குடும்பத்துக்கு உழைக்க வைத்துக்கொண்டிருந்தார்கள்.

லாண்டரி ரூமில் ஒற்றைக்கண் மட்டும் இருந்தது. நான் துணி போடப் போனால் உடம்பைத் திருப்பி நல்ல கண்ணைக் காட்டும். பிளாஸ்டிக் தொட்டியில் எத்தனை நாள் வைத்திருப்பது என்று, ஒருவரிடமும் சொல்லாமல் பெரிய டேங்க்கைத் தயார் செய்ய ஆரம்பித்தேன். குட்டி ஃபில்டரின் ஸ்பாஞ்சில் பாதியை வெட்டிப் புது ஃபில்டருக்குள் வைத்தேன். மீன் இல்லாத தண்ணீரில் தினம் ஒரு சிட்டிகை மீன் தீனி தூவினேன். அது மக்கினால்தான் கிருமிகளுக்குச் சாப்பாடு. கரும்பச்சை, வெளிர்பச்சை, அப்புறம் ஒரு நாள் மஞ்சள். மறுபடி மறுபடி சோதித்தேன். மஞ்சள்தான். ஹாலில் எல்லார் கண்ணெதிரே நடந்தது இது. காலி டேங்க்குக்கு எதற்குத் தீனி போடுகிறாய் என்று கேட்கக்கூட அந்த வீட்டில் ஆளில்லை.

அந்தச் சமயத்தில்தான் என் கணவருடைய ஆபீஸில் ஆட்களைக் குறைக்க ஆரம்பித்தார்கள். கிரகப்பிரவேசத்துக்கு வந்து வடை தின்ற மேனேஜரே போய்விட்டார். வேலை போனால் எங்களுக்கு வேலை மட்டும் போகாது. விசா போகும், வீடு போகும், மகளின் பள்ளி போகும். கிரீன் கார்டு வரிசையில் நாங்கள் எங்கே நிற்கிறோம் என்று தேடக்கூட முடியாத தூரத்தில் நின்றோம். அவர் ஆபீஸிலிருந்து வந்து கராஜில் காருக்குள்ளேயே உட்கார்ந்திருப்பார். காபி கொண்டுபோய்க் கொடுப்பேன். எனக்கும் பயம்தான். அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. அதை இல்லையென்று சொல்ல மாட்டேன்.

ஒரு சனிக்கிழமை காலை லாண்டரி ரூமில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அவர் வந்து கதவோரம் நின்றார். அந்த ரூமுக்கு அவர் வந்து நான் பார்த்ததில்லை. கொஞ்ச நேரம் பிளாஸ்டிக் தொட்டியையே பார்த்தார்.

"பெரிய டேங்க் சும்மாதான இருக்கு. இத எடுத்து அதுல விட்டுடேன்."

எனக்கு நெஞ்சு பூரித்தது. இந்த மனுஷனுக்கும் தோன்றியிருக்கிறதே என்று நினைத்தேன். என்ன திடீரென்று என்று கேட்டேன்.

"ஒண்ணும் இல்ல. அக்காதான் சொன்னா, இன்னும் ஒண்ணு இருக்கேன்னு."

மடித்த துணியைக் கீழே வைத்தேன். என் முகத்தை அவர் பார்க்கவில்லை. தண்ணீர் இப்போது நன்றாக இருக்கிறது, இந்த மீன் அதில் சாகாது என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அதற்குப் பதிலாக, நாளைக்கு விடுகிறேன், இன்றைக்குச் சாப்பாடு போடாமல் வைக்க வேண்டும் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை டேங்க்கின் விளக்கை அணைத்தேன். மீனை ஒரு சின்ன பக்கெட்டில் அதன் தண்ணீரோடு எடுத்துவந்து, பெரிய டேங்க்கின் தண்ணீரைக் கப்பில் மொண்டு மொண்டு அதில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்தேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். அன்று நான் மனையிலிருந்து எழுந்தபோது என் பக்கம் நிற்காதவர், இன்றைக்கு நின்றார். கையாலேயே மீனைத் தாங்கி உள்ளே விட்டேன். அது அசையாமல் நின்றது. பிறகு திரும்பி நல்ல கண்ணால் என்னைப் பார்த்துவிட்டு மெதுவாக அந்த இடத்தையெல்லாம் சுற்ற ஆரம்பித்தது.

"எத்தன நாள் ஆகும்?" என்றார்.

பழகுவதற்கா, இரண்டு மூன்று நாள் ஆகும் என்றேன்.

"அது இல்ல. போன தடவ எத்தன நாள் ஆச்சு?"

நான் கப்பைக் கழுவி வைத்தேன்.

வேலை இன்னும் இருக்கிறது. போகும் என்கிற பேச்சும் இருக்கிறது. மீன் நன்றாக வளர்ந்து வாலெல்லாம் விரிந்துவிட்டது. தினமும் காலையில் அவர் மாடியிலிருந்து இறங்கி, காபிகூடக் கேட்காமல் நேராக டேங்க் முன்னால் போய் நிற்கிறார். அது சாப்பாடு என்று நினைத்துக்கொண்டு அவரிடமே நீந்தி வருகிறது. முன்பெல்லாம் அவர் வந்தால் அசையாது.

"இன்னும் இருக்கா?" என்று என்னைக் கேட்கிறார்.

"இருக்கு" என்கிறேன்.